மூன்றாவது சிலிண்டரும் ஒரு ரசச் சொம்பும்

திருவொற்றியூரில் நான் தங்கியிருந்த வீட்டின் சமையலறையில் ஒரு மோட்டார் எஞ்சின் ஏழு வாரம் குடியிருந்தது. அடுப்புக்கு இடப்பக்கம் எஞ்சின், வலப்பக்கம் அம்மி. சமைப்பவர் இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார வேண்டும். சமைப்பவர் நர்ஸம்மா. வீடு அவர் வாடகைக்கு எடுத்தது, எஞ்சின் அவர் வாங்கியது. அந்த வீட்டில் யாருக்கும் சொந்தமில்லாத சாமான் நான் ஒருவன்தான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது மலேரியாவின் தயவு. மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் இருந்தேன். பிறகு சரக்குக் கப்பலில் கரி அள்ளினேன். பிறகு அதே கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற ஆளாக உயர்ந்தேன். கப்பல் மதராஸ் துறைமுகத்தில் நின்றபோது காய்ச்சல் கண்டு என்னை இறக்கிவிட்டார்கள். காய்ச்சல் விட்டு நான் எழுந்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. என் தகரப் பெட்டியும் அதோடு போயிற்று. அதில் இரண்டு சட்டையும் ஒரு நல்ல சீப்பும் இருந்தன. சீப்பைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

திருவொற்றியூரில் இருந்த ஒரு மிஷன் மருந்தகத்தில்தான் எனக்குக் கொயினா கொடுத்தார்கள். கொடுத்தவர் அங்கே பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா. நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்த பிறகு படித்து வேலைக்கு வந்தவர். அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் எதிரே இருப்பவர் அதிரும்படி பேசுவார்.

"கப்பல்ல இன்னா வேலை?" என்று கேட்டார்.

"எஞ்சின் வேலைம்மா."

"மோட்டார் கார் எஞ்சின் தெரியுமா?"

கொயினா தின்றவனுக்குக் காதில் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் "தெரியும்" என்று சொல்லிவிட்டேன். மோட்டார் எஞ்சினின் உள்பக்கத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலமே என்னைத் தன் வீட்டில் தங்கவைத்து, அவருக்கு அது ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொன்னார். எர்ணாவூரிலிருந்து காத்திவாக்கம் வரை உள்ள குப்பங்களுக்குப் பிரசவம் பார்க்க ஒரு நர்ஸைத் தனியாக அமர்த்த மருந்தகத்தில் தீர்மானித்திருந்தார்கள். ஜட்காக்காரர்கள் அந்தப் பக்கத்து மணலில் குதிரையை இறக்க மாட்டார்கள். ஆகையால் சொந்த வண்டி உள்ளவருக்கே அந்த வேலை. அது கிடைக்காவிட்டால் நர்ஸம்மாவைக் கடப்பைக்கு அப்பால் ஒரு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். தலைமை டாக்டர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். தை பிறந்து வரும் முதல் திங்கட்கிழமை தானே வண்டியில் உட்கார்ந்து காத்திவாக்கம் போய்த் திரும்புவதாகவும், வண்டி ஒழுங்காகப் போய்வந்தால் வேலை நர்ஸம்மாவுக்கு என்றும் சொல்லியிருந்தார்.

"கடப்பைல மீனு கெடியாதுய்யா," என்றார் நர்ஸம்மா. "சமுத்திரம் கெடியாது. வெயிலும் கல்லும்தான். நான் அங்க போயி இன்னா பண்ணுவேன், கல்லைக் கொழம்பு வெப்பேனா?"

சீமைக்குத் திரும்பும் ஒரு ரயில்வே அதிகாரியிடம் அவர் ஒரு பேபி கார் வாங்கியிருந்தார். நிஜமாகவே குழந்தைதான். நான்கு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். அதிகாரியின் டிரைவர் நர்ஸம்மாவுக்கு மூன்று நாள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான்காம் நாள் எஞ்சினுக்குள் சம்மட்டி அடிப்பது போலச் சத்தம் கேட்டதாம். அதிகாரி கப்பலேறிவிட்டார். வண்டி மாடு கட்டி வீட்டுக்கு வந்தது.

எஞ்சினைக் கழற்றி, மூங்கிலில் கட்டித் தூக்கி வந்து, சமையலறையில் வைத்துப் பிரித்தோம். வீட்டில் மழை ஒழுகாத இடம் அது ஒன்றுதான். நான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நர்ஸம்மா வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, கார்பாலிக் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிரசவ ஆயுதங்கள் வைக்கும் எனாமல் தட்டில் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதினார். வால்வுகளைக் கொதிக்கிற தண்ணீரில் போடப் போனார்.

"அத்த வேக வெக்க வேணாம்மா."

"கலீஜா கீதே."

"கரிதாம்மா. சுரண்டினா போவும்."

அவர் வைத்ததுதான் சட்டம். வால்வுகள் வெந்தன. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வால்வின் விளிம்பில் மணல்பொடி கலந்த அரைப்பசை தடவி அதன் இருப்பிடத்தில் வைத்து இப்படியும் அப்படியும் திருகித் தேய்க்க வேண்டும், புகை ஒழுகாமல் படியும் வரை. அதை அவரே செய்தார். எட்டு வால்வும் முடிய மூன்று சாயங்காலம் ஆயிற்று. "தோசைக்கு அரைச்ச கை, இது இன்னா பெரிசு," என்றார்.

கோளாறு மூன்றாவது சிலிண்டரில் இருந்தது. மேலும் கீழும் போகும் பிஸ்டனையும் அடியில் சுழலும் கிராங்கையும் ஒரு தண்டு இணைக்கிறது. அந்தத் தண்டின் கீழ்முனை ஒரு வளையம். வளையத்தின் உள்ளே வெளிறிய சாம்பல் நிறத்தில், மெத்தென்ற ஒரு உலோகம் ஒட்டியிருக்கும். அதன்மேல்தான் கிராங்க் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு சுற்றும். மூன்றாவது தண்டில் அந்த உலோகம் உடைந்து, பொடிப்பொடியாக எண்ணெய்த் தொட்டியில் கிடந்தது. கப்பலில் எஞ்சின் பழுதுபார்க்கும் எங்கள் பிட்டர் இதே உலோகத்தை ஒரு கரண்டியில் உருக்கி வளையத்துக்குள் ஊற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்ததுதான், கேட்டதில்லை. சாம்பல் நிறம், சுலபமாக உருகுகிறது, நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. காரீயம் அல்லாமல் வேறு என்னவாக இருக்கும்?

காரீயத்துக்கு நான் அலையவேண்டியிருக்கவில்லை. காய்ச்சல் தேறிவந்த நாட்களில் கடற்கரையில் உட்கார்ந்து உட்கார்ந்து காத்திவாக்கத்து மீன்காரன் ஒருவன் எனக்குச் சிநேகமாகியிருந்தான். கட்டுமரத்தில் கடலுக்கும் போவான், உப்பங்கழியில் இறால் வலையும் வீசுவான். வீச்சுவலையின் ஓரத்தில் கோக்கும் காரீயக் குண்டுகளை அவனே வார்த்துக்கொள்வான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"இவ்ளோதானா மாமு? வருசத்துக்கு முன்னூறு குண்டு ஊத்துறேன் நானு. ஒரு வளையம் ஊத்த முடியாதா? கெளம்பு."

குண்டு வார்ப்பதில் அவன் கை அப்படிப்பட்டது. உப்பங்கழிக் களிமண்ணால் வளையத்தின் அடியை அடைத்தான். நடுவில் கிராங்கின் கனத்துக்குச் சரியாக ஒரு குழாயை நிறுத்தினேன். காரீயம் கரண்டியில் உருகிப் பளபளத்தது. ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினான். ஆறியதும் தட்டி எடுத்தால், வாங்கி வைத்தது போல இருந்தது. நர்ஸம்மா அவனுக்கு இரண்டு தரம் காப்பி கொடுத்தார். எனக்கு ஒரு தரம்தான்.

வியாழக்கிழமை எஞ்சின் வண்டியில் ஏறியது. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் முழுசாக இருந்தது. கைப்பிடியைச் சுழற்றினேன். நாலாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. எனக்கே நம்பிக்கை வரவில்லை, அவ்வளவு அமைதி. தையல் மிஷின்கூட அதைவிட அதிகம் சத்தம் போடும். நர்ஸம்மா ஓட்ட, நான் பக்கத்தில், மீன்காரன் பின்னால். கோயில் குளம் தாண்டினோம். அவன் எழுந்து நின்று தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் கை காட்டினான்.

"குந்துடா, வுயுந்துடப் போறே!"

"வுயுந்தா இன்னாம்மா, நர்ஸு கூடவே கீறாங்களே!"

எர்ணாவூர் நெருங்கும்போது டொக் என்றது. பிறகு டொக் டொக். பிறகு நிறுத்தவேயில்லை. நர்ஸம்மா வண்டியை ஓரங்கட்டினார்.  எண்ணெய்த் தொட்டியின் திருகைத் திறந்து கையில் ஏந்திப் பார்த்தேன். கறுப்பு எண்ணெயில் காரீயம் வெண்ணெய் மாதிரி வழிந்து வந்தது.

வீடு திரும்ப ஐந்து பேர் தள்ளினார்கள். வலை இழுக்கிற குரல் கொடுத்துக்கொண்டு தள்ளினார்கள், அதனால் தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. நர்ஸம்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் ஒன்று மட்டும் கேட்டார்: "கடப்பைக்கு ரயிலு எத்தனை மணிக்கு?"

எனக்கும் ஒரு யோசனை வந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. அந்த வாரம் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் எண்ணெய் விட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி நேரங்களில் என் கால்கள் என்னைக் கேட்காமலே கிளம்பிவிடும். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பியும் விட்டன. உருகிப்போன தண்டு ஏனோ கையில் இருந்தது. வண்ணாரப்பேட்டை வழியாக நடந்தேன். ஒரு தெருமுனையில், பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் கலாய்க்காரர் ஒருவர் துருத்தி ஊதி, பித்தளை அண்டா ஒன்றுக்குக் கலாய் பூசிக்கொண்டிருந்தார். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். என் வயதுதான் இருக்கும். அண்டாவைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு வீச்சு வீசினார். உலோகம் பித்தளையோடு தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. நான் நின்றுவிட்டேன். எங்கள் காரீயம் வளையத்தோடு ஒட்டவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சும்மா உள்ளே உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"இன்னா நைனா, அண்டாவுல மூஞ்சி பாக்குறியா?"

தண்டை நீட்டிக் கதையைச் சொன்னேன். அவர் வளையத்தில் மிச்சமிருந்த காரீயத்தைப் பிய்த்து வளைத்துப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து விரல் கனத்தில் ஒரு வெள்ளீயத் துண்டை எடுத்து என் காதருகில் பிடித்து வளைத்தார். அது நறநறவென்று முனகியது.

"கேட்டுச்சா? வெள்ளீயம்னா அழுவும். உன்னுது கம்முனு கீது, பாரு. இத்தப் போட்டு மோட்டார் வுட்டியா? யார்யா ஊத்தினது?"

"மீன் புடிக்கிற தோஸ்து."

"வண்டி தண்ணிக்குள்ள முழுவலையே, அதுவரைக்கும் சந்தோசம்."

சிரித்து முடித்ததும் தண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஜும்மா தொழுகை முடிந்ததும் வருவதாகச் சொன்னார். ஒரு கஷ்டம் மட்டும் இருந்தது. அவரிடம் இருந்த வெள்ளீயம் பூசுவதற்குத்தான் போதும். வளையம் நிறைய ஊற்ற ஒரு கைப்பிடி வேண்டும், அவ்வளவு சுத்தமான சரக்கு அந்த வாரம் கடையில் இல்லை. "வூட்டுல வெள்ளீயச் சொம்பு எதுனா கீதா? ரசம் வெப்பாங்களே, அது?"

இருந்தது. நர்ஸம்மாவின் சமையலறையில், எஞ்சினுக்கு மேலேயுள்ள மாடப்பிறையில், ஏழு வாரமாக நான் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன். மாமியார் வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே பொருள் அதுதான். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். துறைமுகத்துக்குப் போகிற வழி எதிர்ப்பக்கம் என்பது வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கேட்டேன். நர்ஸம்மா சொம்பை இறக்கிக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாணமாகிப் போன நாள்லேர்ந்து மாமியார்கிட்ட இதுக்குத் திட்டு வாங்கியிருக்கேன்," என்றார். "தண்ணி ஊத்தாம அடுப்புல வெச்சுடாதே, உருகிடும். வெச்சுட்டு அப்பால போவாதே, உருகிடும். அவங்க சாவறப்போகூட, சொம்பு பத்திரம்னாங்க. பதினெட்டு வருசம். இன்னி வரைக்கும் ஒரு சொட்டு உருகல."

பாய் துருத்தியோடு வந்து கதவருகே நின்றிருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நர்ஸம்மா காலிச் சொம்பை அப்படியே தூக்கி, பாய் நீட்டிய இரும்புச் சட்டியில் வைத்து, சட்டியை அடுப்பில் ஏற்றினார். தண்ணீர் ஊற்றவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துப் பார்த்தார். முதலில் அடி சுருங்கியது. பிறகு இடுப்பு மடங்கியது. பிறகு கழுத்து மெதுவாகச் சாய்ந்து உள்ளே இறங்கியது. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"போனாங்க," என்றார்.

சொம்பு உருகிக்கொண்டிருந்தபோது இன்னொன்று எனக்கு ஞாபகம் வந்தது. கப்பல் பிட்டர் ஊற்றுவதற்கு முன் கரண்டியில் சில செம்புக் கம்பித் துண்டுகளைப் போடுவார். அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தேன். இப்போது சொன்னதும் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "கெட்டியாவறதுக்குய்யா அது! இத்த மொதல்ல சொல்ல மாட்டே?" எவ்வளவு போடுவது என்பது இருவருக்கும் தெரியாது. தொட்டியில் கிடைத்த பழைய உலோகப் பொடியை நர்ஸம்மா கழுவி, பிளாஸ்திரி ஒட்டி, எண் எழுதி வைத்திருந்தார். அதையும் சேர்த்தோம். மெல்லிய செம்புக் கம்பியைக் கொஞ்சமாக நறுக்கிப் போட்டு, அது கரையும் வரை பாய் துருத்தி ஊதினார். வளையத்தை நவச்சாரம் தூவிக் கலாய் பூசினார். சமையலறை முழுக்க வெள்ளைப் புகை. மூன்று பேரும் இருமிக்கொண்டே ஊற்றினோம். இந்த முறை உலோகம் வளையத்தோடு பிறந்தது போல ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை முழுக்கச் சுரண்டல். அகல் விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் கிராங்கில் மை பூசுவேன். தண்டை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுவேன். உள்ளே எங்கே மை ஒட்டியிருக்கிறதோ அந்த இடம் உயரம். தீட்டிய அரத்தால் அதை மட்டும் சீவுவேன். பதினாலு தடவை. கடைசியில் மை உள்பக்கம் முழுக்க ஒரே சீராகப் படிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எஞ்சின் ஓடியது. அமைதியாகத்தான் ஓடியது. அமைதியாக ஓடுவதில் அர்த்தமில்லை என்று தெரிந்துகொண்டவன் நான்.

நர்ஸம்மா தன் பையிலிருந்து மரக்குழலை எடுத்தார். கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துச் சிசுவின் துடிப்பைக் கேட்பார்களே, அது. எஞ்சினின் பக்கவாட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கீழே வைத்துக் காதைப் பொருத்திக் கேட்டார். "நாலும் ஒரே மாதிரி கீது," என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்தார். பெரிய சரீரம். அவர் ஏறியதும் குழந்தைக் கார் ஒரு பக்கம் சாய்ந்து யோசித்தது. நான் பின்னால், காலடியில் ஒரு தண்ணீர் டின், மடியில் ஒரு எண்ணெய் டின். போகும்போது ஒரு குறையும் இல்லை. காத்திவாக்கத்தில் மீன்காரன் ஊரையே கூட்டி வைத்திருந்தான். டாக்டரம்மா இரண்டு கர்ப்பிணிகளைப் பார்த்தார். ஒரு குழந்தை அவர் தொப்பியை இழுத்தது. திரும்பினோம்.

எர்ணாவூர். அதே இடம். டொக். பிறகு டொக் டொக்.

எனக்கு மலேரியாக் குளிர் திரும்பி வந்தது.  டாக்டரம்மா திரும்பி, "அது என்ன சத்தம்?" என்று புத்தகத் தமிழில் கேட்டார்.

நர்ஸம்மா வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். மூடியைத் திறந்தார். மரக்குழலை எடுத்து மூன்றாவது சிலிண்டருக்கு நேராக வைத்துக் காதைப் பொருத்திக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரம்மாவும் இறங்கி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எத்தனை மாதம்?" என்று கேட்டார்.

"மூணு நாள்தான் ஆவுது, டாக்டரம்மா."

"துடிப்பு சீராக இருக்கிறதா?"

"நல்லா கீது. சத்தம் இங்கேர்ந்து வரல." நர்ஸம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அந்த டின்னைக் காலால புடியேன்யா."

காத்திவாக்கத்தில் எஞ்சினுக்கு ஊற்றியபோது தண்ணீர் டின் பாதி காலியாகியிருந்தது. எர்ணாவூர்ப் பள்ளங்களில் அது என் இரண்டு காலுக்கு நடுவில் வண்டியின் தளத்தில் மோதிக்கொண்டிருந்தது. ஊரிலேயே எஞ்சின் சத்தத்தை அதிகம் கேட்டவன் நான். என் காலடியில் கிடந்ததை நான் கேட்கவில்லை.

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்து, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். மறுபடி ஏறி உட்கார்ந்ததும், "கடப்பைக்கு வேறு ஆளை அனுப்பிக்கொள்கிறேன்," என்றார். நர்ஸம்மா கியர் மாற்றினார். கொஞ்சம் கரகரத்தது. அது ஓட்டுகிறவர் கோளாறு, எஞ்சின் கோளாறு அல்ல.

அதன்பிறகு அந்த வீட்டில் இரண்டு வருஷம் இருந்தேன். அதற்குமுன் எந்த ஊரிலும் அவ்வளவு நாள் நான் இருந்ததில்லை. மணல் பாதை என்பதால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. மழைக்காலம் முடிந்ததும் எஞ்சின் தலையைத் திறந்து கரி சுரண்டுவோம், வால்வு தேய்ப்போம். எண்ணெய்த் தொட்டியை இறக்கும்போதெல்லாம் மூன்றாவது தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். ஆடவேயில்லை. ரசம் இப்போது பித்தளைப் பாத்திரத்தில் கொதித்தது, பாய் கலாய் பூசிக் கொடுத்தது. ருசி குறைந்துவிட்டது என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டு, நாலு நாள் மோர் மட்டும் குடித்தேன்.

காலையில் குப்பங்களுக்குக் கிளம்புமுன் நான் கைப்பிடியைச் சுழற்றுவேன். எஞ்சின் பிடித்ததும் நர்ஸம்மா ஸ்டியரிங்கிலிருந்தபடியே மரக்குழலை என்னிடம் நீட்டுவார்.

"மாமியார் எப்டி கீறாங்க?"

மூன்றாவது சிலிண்டரில் வைத்துக் கேட்பேன். "சத்தமே இல்லம்மா."

"உசுரோட இருந்தப்போ ஒரு நாள் இப்டி இருந்தது இல்ல," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார்.